மூன்றாம் வகுப்புச் சுவரில் என் படம்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து மழை நாட்களைப் பற்றி எழுதும்போதே, அடுத்து இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரியும். வேறு ஏதாவது வேடிக்கையாக எழுதித் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூடப் பார்த்தேன். வசந்தா விடவில்லை. வந்து கண்ணெதிரே நின்றுவிட்டாள்.

வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வருகிறாள். இது என்ன கோயிலா, செருப்போடு வாங்க என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள். அன்றைக்கு நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையில் கொஞ்சம் கதம்பம். மறுநாள் காலையில் அவள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இதயத்தில் ஒரு வால்வு பழுது, ஆபரேஷன். அதற்கு முன்னால் மகள் மஞ்சுளா வகுப்பில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். துணைக்கு அவளுடைய அக்கா, கையில் ஒயர் கூடையோடு.

அன்று எங்கள் பள்ளியில் பெற்றோர்களுக்கான கண்காட்சி. மூன்றாம் வகுப்பு டீச்சரான நான், ஹாலில் மைக் செட்காரரோடு மல்லுக்கட்டிவிட்டு, வழியில் இவர்களைப் பார்த்து அழைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்ததும் சந்தன வாசனையும் சாமந்தி வாசனையும் சேர்ந்து அடித்தன. பிள்ளைகள் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மஞ்சுளாவின் விரல் நுனியெல்லாம் சந்தனம்.

சுவரில் பெரிய சார்ட். அதில் சரித்திரத்தில் இடம்பிடித்த பெண்கள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் நெற்றியிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துண்டு சாமந்திச் சரம்.

வரிசையின் கடைசியில், தி.நகர் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கலர் படத்தில், வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியிலும் சந்தனம் இருந்தது. மற்றவர்களைவிட அடர்த்தியான மாலை அவளுக்குத்தான்.

வசந்தா தன் படத்தைப் பார்த்தபடியே நின்றாள். சத்தம் போட்டது அவள் அக்காதான்.

"இன்னா டீச்சர் இது? உசுரோட கீறவளுக்கு மாலையப் போட்டு வெச்சிகீறீங்க?"

வாரம் ஒரு சாவு

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்தது மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மாட வீதிகளிலிருந்து குருக்கள் வீட்டுப் பிள்ளைகளும் பாட்டு வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்தும் வருவார்கள். எல்லோரும் ஒரே பெஞ்சு, ஒரே சத்தம்.

சரித்திரப் பாடம் எடுப்பது எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு ராஜா குளம் வெட்டினார், இன்னொரு ராஜா மரம் நட்டார், மூன்றாவது ராஜா முதல் இரண்டு பேரோடும் சண்டை போட்டார். ஒரு நாள் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ராணிங்கள்லாம் இன்னா டீச்சர் பண்ணாங்க?" என்றாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ராணிகள் பட்டத்து யானைக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வாரம் ஒரு பெண்ணின் கதை சொல்ல ஆரம்பித்தேன். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு குதிரையில் போன ராணி. தெற்குச் சீமையில் வெள்ளைக்காரனிடமிருந்து தன் மண்ணை மீட்ட ராணி. கைவிளக்கோடு ராத்திரியெல்லாம் சிப்பாய்களின் காயத்தைப் பார்த்த நர்ஸம்மா. பெண்கள் படிக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் டாக்டருக்குப் படித்த நம் ஊர்க்காரி. யார் யார் என்று பெயர் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஸ்டேஷனரிக் கடையில் படத்தாள் வாங்கி, கத்தரித்து ஒட்டியவர்கள்தானே.

பிள்ளைகளுக்குக் கதை பிடித்திருந்தது. ஆனால் எந்தக் கதை சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க டீச்சர்?"

"இறந்துட்டாங்க."

வகுப்பு சட்டென்று அடங்கிவிடும். நமக்கு அது பழைய சங்கதி. எட்டு வயதுப் பிள்ளைக்கு, இப்போதுதான் அறிமுகமாகி, குதிரையேறி, வாளைச் சுழற்றி, மனதுக்குப் பிடித்துப்போன ஒரு அக்கா, மணி அடிப்பதற்குள் செத்துப்போகிறாள். மூன்றாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுப்பது என்றால் வாரம் ஒரு சாவு சொல்வது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பயிற்சிப் பள்ளியில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சுளா கேட்டாள். "உசுரோட கீறவங்க யாருமே பெரிய ஆளு இல்லியா டீச்சர்?"

"ஏன் இல்லாம? நிறைய இருக்காங்க. உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தா படம் கொண்டு வா, ஒட்டலாம்."

கண்காட்சிக்கு எங்கள் வகுப்பின் தலைப்பு 'பெருமைக்குரிய பெண்கள்'. எல்லாப் பிள்ளைகளும் கடையில் வாங்கிய படத்தைக் கொண்டுவந்தார்கள். மஞ்சுளா மட்டும் தன் அம்மாவின் படத்தை, கசங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, நூல் கட்டிக் கொண்டுவந்தாள்.

லாரித் தண்ணி

ஒவ்வொருவரும் தாங்கள் ஒட்டிய படத்தைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். மஞ்சுளா ஒத்திகையில் சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"இது எங்கம்மா. எங்க ஏரியாவுக்குத் தண்ணி லாரி வந்தா எல்லாரும் கொடத்தத் தூக்கினு ஓடுவாங்க. கால் இல்லாத தாத்தாவும், புள்ளத்தாச்சி அக்காவும் ஓட முடியாது. எங்கம்மா லாரிக் குழாயப் பிடிச்சிக்கினு, அவங்க ரெண்டு பேரு கொடம் ரொம்பற வரிக்கும் யாருக்கும் வுடாது. அடிச்சாலும் வுடாது."

வசந்தா கிண்டி எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் தைத்தவள். புருஷன் எங்கோ போய்விட்டான். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வேலை போயிற்று. பிறகு வீட்டிலேயே கொஞ்சம் ஜாக்கெட் தைத்தாள். மகளை விட வரும்போது பள்ளிப் படி நாலையும் ஏற முடியாமல் நடுவில் நின்று, யாராவது பார்த்தால் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வாள். ஆபரேஷன் செய்யாவிட்டால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல மாதம் நடையாய் நடந்து அவளுக்குத் தேதி கிடைத்திருந்தது.

நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் அவள் படத்தை ஒட்டும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெண் செத்துப்போவதற்கு முன்னாலேயே சுவரில் ஏறிவிட்டாளே என்று.

முழங்கையோடு ஓர் அத்தை

இந்தப் பெருமைக்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில், கூடம் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். எல்லாம் ஆண்கள். தலைப்பாகை, அங்கவஸ்திரம், கையில் தடி. அந்த வரிசையில் ஒரே ஒரு பெண், என் கணவரின் அத்தை. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, இந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் குளிப்பாட்டிச் சாதம் போட்டு வளர்த்தவர். அவர் இறந்தபோதுதான், அவருக்குத் தனியாக ஒரு படம்கூட இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததாம். ஏதோ கல்யாணத்தில் எடுத்த கும்பல் படத்தில், பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் பாதி தெரிந்தார். ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, மீதிப் பாதியைக் கையால் வரைந்து கொடுத்தார். பக்கத்தில் நின்ற மாமாவின் முழங்கையை மட்டும் அவரால் எடுக்க முடியவில்லை.

அதற்குத்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைப்போம். அத்தையோடு சேர்த்து முழங்கைக்கும்.

எங்கள் வீட்டுப் பெண்கள் தனியாக ஒரு படத்தில் இருக்க வேண்டுமென்றால் செத்தாக வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டே ஒருமுறை கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சந்தனக் கிண்ணம்

மாலை எப்படி வந்தது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் பள்ளியில் தலைவர்களின் பிறந்த நாள், நினைவு நாள் எது வந்தாலும் படத்தை இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போடுவது வழக்கம். சந்தனக் கிண்ணத்தைப் பிடிக்கும் வேலைக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடியே நடக்கும். அன்று காலையில் ஒவ்வொரு வகுப்பாக வந்த தலைமையாசிரியை, "சுவத்துல இருக்கற எல்லாப் படத்துக்கும் பொட்டு வெச்சு மாலை போட்டுடுங்க" என்று பூப்பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் ஹாலில் இருந்தேன். பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள்.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது: ஒரு பையன் மட்டும், "ஏய், செத்தவங்களுக்குத்தான் போடுவாங்க" என்று சொல்லியிருக்கிறான். அதற்கு மஞ்சுளா, "பெரிய ஆளுங்களுக்குப் போடுவாங்க, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவனைத் தள்ளிவிட்டுத் தானே மாலை போட்டிருக்கிறாள். அவளைச் சொல்லி என்ன செய்வது? ஆற்றங்கரைக் குடிசையில் சட்டம் போட்ட படங்கள் ஏது? அவள் பார்த்த மாலை போட்ட படங்களெல்லாம் எங்கள் பள்ளிச் சுவரில்தான்.

பெரியம்மா கத்தியதும் அவளுக்கு முதலில் புரியவில்லை. அம்மாவைப் பார்த்து, "நான்தாம்மா போட்டேன், பெரிய மாலை ஒனக்குத்தான்" என்றாள்.

"அடிப் பாவி! நாளைக்கு ஆத்தா நெஞ்சக் கிழிக்கப் போறாங்க, இன்னிக்கு நீயே மாலை போட்டியா?" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு குழந்தையின் முகம் மாறுவதை நான் அதுவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் பயந்தது. அப்புறம் ஓடிப்போய்ச் சரத்தைப் பிய்த்தாள். பூ உதிர்ந்தது, நூல் வரவில்லை. அழவே இல்லை.

வசந்தா ஒரு சின்ன பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மகளை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, அமைதியாக, "நான் ஆஸ்பத்திரிக்குப் போவல டீச்சர்" என்றாள்.

"என்ன பேசறே வசந்தா? சகுனமா பார்க்கறே?"

"எனக்கு சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி லாரியாண்ட பாக்காத சகுனமா?" மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "பொழைப்பேனோ மாட்டேனோ, டாக்டருக்கே தெரியாது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இது சும்மாவா இருக்கும்? நான்தான் மாலை போட்டு எங்கம்மாவ சாவடிச்சிட்டேன்னு காலம் பூரா நெனச்சிக்கினு கெடக்கும். அதுக்கு நான் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்."

நான் சொல்லாத நியாயமில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தேதி போனால் திரும்பக் கிடைக்காது என்றேன், படித்தவள் பேசும் பேச்செல்லாம் பேசினேன். ஒன்றும் ஏறவில்லை. ஏறாது. ஏனென்றால் அவள் பயந்தது சாவுக்கு இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாய்விட்ட அக்கா மேல், பூப்பொட்டலம் மேல், அந்த முழங்கை அத்தை மேல்கூட. கோபம் வந்தால் எனக்குக் கை முந்திக்கொள்ளும்; வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கைப்பையில், பள்ளி ஆபீசுக்குக் கொடுத்தது போக மீந்த என் பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தது. எடுத்தேன். பின்னால் கோந்தைத் தடவி, வசந்தா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சந்தனம் தொட்டு என் நெற்றியில் வைத்தேன், அதாவது படத்து நெற்றியில். அதன் மேல் குங்குமம். மிச்சமிருந்த சாமந்திச் சரத்தை எடுத்துப் படத்தைச் சுற்றி மாட்டினேன்.

"ஐயோ, வேணாம் டீச்சர்!" வசந்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "புருஷன் புள்ளையோட கீறவங்க நீங்க."

"நீ புள்ளையோட இல்லையா?"

"தே, எட்த்துடுங்க டீச்சர், சொல்றேன்ல."

"எடுக்க மாட்டேன். மாலை போட்டா ஆள் போயிடும்னா நானும்தான் போகணும். போறேனா இல்லையான்னு இவளே தினமும் பார்க்கட்டும். நீ ஆபரேஷன் முடிச்சுட்டு வா. ரெண்டு மாலையையும் ஒண்ணா எடுக்கலாம்."

மஞ்சுளா அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வசந்தா என் கையை விடவில்லை. "உங்களுக்கு இன்னா டீச்சர் கொழுப்பு" என்றாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் போவதாக மகள் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

"எப்போ தவறினா?"

தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "ராதா, என்னம்மா இது அசிங்கம்? விருந்தாளி வர நேரத்துல" என்றார். எடுக்க முடியாது மேடம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர், மாட வீதிக்காரர், வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் படத்தடியில் நின்றார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "அடடா, சின்ன வயசு. எப்போ தவறினா?" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மஞ்சுளா, "தவறல சார், தோ நிக்கிறாங்க" என்று என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்.

செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, தன் படத்துக்குத் தானே மாலை போட்டுக்கறவளை எங்கயாவது கண்டதுண்டா? ஆத்துல இருக்கறவாளைக் கொஞ்சம் நெனச்சுண்டா என்ன?"

உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். நாளைக்கே போய் எடுத்துவிட்டு வா என்றார். அவ வந்ததும் எடுத்துடறேன்மா என்றேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்ஷூரன்ஸ் கட்டியாச்சோன்னு பாத்துக்கறேன்" என்றார்.

வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் லஸ் முனையில் ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். பிறந்ததிலிருந்து ஊறியது அது. ஒரு நாள் கோபத்தில் போய்விடாது.

ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வசந்தா இளைத்துப் பாதியாக இருந்தாள். ஆனாலும் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் இருந்தது.

"படம் கீதா டீச்சர்?"

"இருக்கு."

"மாலை?"

"வாடிப் போச்சு. ஆனா இருக்கு."

"இருக்கட்டும். நான் வந்து எடுக்கறேன்" என்றாள்.

வரவில்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் எதையும் விட்டுவைக்கவில்லை, எல்லாம் செய்து பார்த்தார்கள். ஒரு மழை நாள் காலையில் பள்ளி வாட்ச்மேன் வந்து, வசந்தா இறந்துவிட்டாள் என்றார். நான் கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. போகச் சொன்னவள் நான்தான். போகாமல் இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், நானும் நம்புகிறேன். நம்பினாலும் வலிக்கிறது.

சார்ட்டிலிருந்து பிரித்தது

கொஞ்ச நாள் கழித்து மஞ்சுளாவின் பெரியம்மா பள்ளிக்கு வந்தாள். பின்னாலேயே மஞ்சுளா. பெரியம்மா வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"அந்தப் படம் வோணும் டீச்சர். வூட்டுல வேற படம் இல்ல. நாளைக்குக் காரியம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது சோறே துன்ன மாட்டேங்குது. படத்த வெச்சி நீதான் மாலை போடணும்னு ஒரு வார்த்த சொன்னேன். அன்னிலேர்ந்து என்னாண்டயே வர மாட்டேங்குது. ஓடிப்போயி ஆத்தங்கரையாண்ட குந்திக்குது. நான் அன்னிக்குப் பேசுன பேச்சு, என் வாயில புண்ணு வைக்க."

நான் ஸ்கேலின் நுனியால் மெல்ல மெல்லப் படத்தைப் பிரித்தேன். காய்ந்த பூ பொடியாக உதிர்ந்தது. படத்தின் பின்னால் சார்ட் பேப்பர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. நெற்றிச் சந்தனத்தை முந்தானையால் துடைத்தேன். முழுசாகப் போகவில்லை. அப்படியே பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

மஞ்சுளா படத்தைப் பார்க்கவே இல்லை. காலி இடத்துக்குப் பக்கத்தில் இருந்த என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை சருகாகி, நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய் நின்றாள்.

"இது அன்னிக்குப் போட்டதா டீச்சர்?"

"ஆமாம். அன்னிக்குப் போட்டதுதான்."

"எடுக்கவே இல்லியா?"

"இல்லை."

என் பக்கம் வந்தாள். என் புறங்கையைத் தொட்டாள். தொட்டுவிட்டு, லேசாகக் கிள்ளினாள். நான் கையை எடுக்கவில்லை.

"நீங்க சாவலியே" என்றாள்.

"இல்லையே."

"அப்ப மாலையால இல்ல."

"மாலையால இல்லைடி கண்ணு. அம்மாவுக்கு நெஞ்சுல நோவு. அதனாலதான். நீ போட்டது மரியாதை. அது மரியாதை மட்டும்தான்."

அவள் அப்போதுதான் அழுதாள். கண்காட்சியன்று அழாதது, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழாதது, எல்லாம் சேர்த்து என் மடியில் அழுதாள். பெரியம்மா சுவரோரமாக உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். மற்றப் பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மஞ்சுளா மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "குடு பெரிம்மா. நானே தூக்கினு வரேன். நானே போடறேன்." படத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள்.

நான் என் படத்தையும் பிரிக்கப் போனேன். இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம் என்றுதானே சொல்லியிருந்தேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள். "அது இருக்கட்டும்."

இருந்தது. பள்ளி வருஷம் முடியும்வரை, காய்ந்த மாலையோடு, மூன்றாம் வகுப்புச் சுவரில் நான் தொங்கினேன். இன்ஸ்பெக்ஷன் வந்தபோதுகூடத் தலைமையாசிரியை எடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. மஞ்சுளா மட்டும் தினமும் காலையில் உள்ளே வந்ததும் முதலில் படத்தைப் பார்ப்பாள். அப்புறம் நாற்காலியில் இருக்கும் என்னைப் பார்ப்பாள். அப்புறம்தான் உட்காருவாள்.

அந்த வருஷம் நான் லீவே எடுக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் நல்ல ஜுரம், எழுந்து நிற்க முடியவில்லை. போயே ஆக வேண்டும் என்றேன். மாமியார் ஏன் என்று கேட்கவில்லை. கஷாயம் கொடுத்து, சால்வையைப் போர்த்தி, தானே தெருமுனைக்குப் போய் ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்து, பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மஞ்சுளா மட்டும் சுவரோரம், முதுகில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள்.